சாமிப் பட பிரேமில் கழுவிய முகங்கள்

நேற்று உன் படத்துக்கு பிரேம் போடப் போயிருந்தோம், நானும் மகளும். மாசி வீதிப் பக்கம் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் பிரேமை எடுத்து மேசையில் குப்புறப் போட்டார். கண்ணாடி கீழே, நாலு பக்கமும் மரவிளிம்பு மேலே. கண்ணாடியை ஒரு துணியால் துடைத்துவிட்டு உன் படத்தை எடுக்க உள்ளே போனார். நான் அந்த பிரேமையே பார்த்துக்கொண்டு நின்றேன். கை தன்னால் நீண்டு ஒரு மூலையைப் பிடித்து லேசாகத் தூக்கியது, இறக்கியது, மறுபடி தூக்கியது. திரும்பி வந்த கடைக்காரர், "பெரியவரே, கண்ணாடி! கண்ணாடி!" என்று பதறினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பதாம் நாள் கும்பிடுவதற்குப் படம் வாங்க வந்த இடத்தில் அப்பா சிரிக்கிறாரே என்று மகள் பயந்துபோனாள்.

"என்னப்பா?"

"இதுதான் உங்க ஆத்தா பிலிம் கழுவுன தட்டு."

அவளுக்கு இந்தக் கதை அரையும் குறையுமாகத்தான் தெரியும். அதனால் இன்றைக்கு உட்கார வைத்துவிட்டேன். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். கே.கே. நகரில் தமிழ் டீச்சர் அல்லவா, நான் வளைத்து வளைத்துப் பேசுவதை அவள் நிமிர்த்தி எழுதுவாள். ஆனால் ஆட்கள் பேசினதை மட்டும் பேசினபடியே எழுது தாயி என்று சொல்லியிருக்கிறேன். நீ பேசினதை யாரும் நிமிர்த்த வேண்டியதில்லை.

உன்னைக் கட்டும்போது நான் ஒரு ஸ்டூடியோவில் பெட்டி தூக்குகிற ஆள். பெட்டி என்றால் மரக் கேமரா, மூன்று கால் ஸ்டாண்டு, மேலே போர்த்துகிற கறுப்புத் துணி. பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் போனதே குரூப் போட்டோ எடுக்கத்தான். தூக்கி வைத்து, தூக்கி வைத்து, எடுக்கவும் பழகிவிட்டேன். பிறகு முதலாளி சுருள் பிலிம் போடுகிற சின்னக் கேமராவுக்கு மாறினார். மூலையில் கிடந்த மரக் கேமராவை, "நீயே கொண்டு போப்பா, எடம் அடைக்குது" என்று கொடுத்துவிட்டார். கேமரா வந்தது, பிலிம் வரவில்லை. அதற்குப் போடுவது கட் பிலிம், உள்ளங்கை அகலத்தில் தனித்தனித் தாளாக இருக்கும். அது கடைகளில் வருவதே குறைந்துபோய், வந்தாலும் நமக்கு எட்டாத பண்டமாகிவிட்டது. நம் ஆனையூர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கேமரா ஆறு மாதம் சும்மா கிடந்தது.

நீ டவுனில் ஒரு எக்ஸ்ரே டாக்டரிடம் வேலை பார்த்தாய். கூட்டித் துடைக்கத்தான் சேர்ந்தாய். இருட்டறையில் பிலிம் கழுவுகிறவர் வராத ஒரு நாள் உன்னை உள்ளே அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவரை உள்ளே விடவில்லை. "உன் கை பட்ட பிலிம்லதாம்மா மயிரிழை மாதிரி ஒடஞ்ச எலும்பும் தெரியுது" என்று டாக்டர் சொன்னதை நீ எனக்குச் சொன்னது ஒரே ஒரு தடவை. நான் ஊருக்குச் சொன்னது நூறு தடவை.

ஒரு நாள் சாயங்காலம் மஞ்சள் பையில் ஒரு தட்டைப் பெட்டியோடு வந்தாய். தேதி முடிந்த எக்ஸ்ரே பிலிம், பெரிய தாள் ஆறு. தூக்கிப் போடச் சொன்னதைக் கேட்டு வாங்கி வந்திருந்தாய்.

"ஏன் மாமா, எலும்பு விழுகுற பிலிம்ல மொகம் விழுகாதா?"

"அது எக்ஸ்ரே புள்ள. ஆள நிக்க வச்சு எடுத்தா எலும்புக்கூடுதான் வரும்."

"அது மிசினு செய்யிறது. பிலிமுக்கு எலும்பு தெரியுமா, தோலு தெரியுமா? வெளிச்சம் பட்டாக் கறுக்கும். அம்புட்டுத்தான் அதுக்குத் தெரியும்."

இதைச் சொன்னவள் அஞ்சாப்பு. கேட்டுக்கொண்டு நின்றவன் அதுவும் இல்லை.

லாரியின் பின்விளக்குச் சிவப்புக் கண்ணாடியை டார்ச் லைட்டின் முகத்தில் கட்டினோம். எக்ஸ்ரே பிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. அந்த வெளிச்சத்தில், ஒரு தாளை ஒன்பது துண்டாக, ஆறு தாளையும் ஐம்பத்து நாலு துண்டாக நீ வெட்டினாய். கத்தரிக்கோல் நேராகப் போகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. "மூச்ச அங்கிட்டு விடுங்க மாமா, பிலிம்ல வேர்த்துரும்" என்று என்னைத் திருப்பி உட்கார வைத்தாய்.

இனிமேல்தான் தட்டுக் கதை. கட் பிலிமுக்கு ஒரு பக்கம்தான் மருந்துப் பூச்சு. எக்ஸ்ரே பிலிமுக்கு இரண்டு பக்கமும் பூச்சு. உன் டாக்டர் வீட்டில் அதைக் கம்பியில் மாட்டித் தொட்டிக்குள் தொங்கவிடுவார்கள், எதிலும் உரசாது. நமக்குத் தொட்டி ஏது? தட்டில் படுக்கப் போட்டுத்தான் கழுவ வேண்டும். படுத்தால் அடிப்பக்கம் உரசும். ஈரத்தில் அந்தப் பூச்சு பால் ஆடை மாதிரி இருக்கும், நகம் பட்டால் கூட வழித்துக்கொண்டு வந்துவிடும்.

முதலில் டெவலப்பரை, பிலிமில் படத்தை எழுப்புகிற மருந்தை, அலுமினியத் தட்டில் ஊற்றினோம். அது பட்டதும் வடைச் சட்டி மாதிரி குமிழ் விட்டது. தட்டும் கறுத்தது, பிலிமும் கறுத்தது. இரண்டாவது, ஸ்டூடியோவில் கேட்டு வாங்கிய பிளாஸ்டிக் தட்டு. பிலிம் அடியில் ஒட்டக்கூடாது என்று அதில் வரிவரியாக மேடு வைத்திருப்பார்கள். அந்த மேடு பட்டு என் முகத்தில் கோடு கோடாக விழுந்தது. சோதனைக்கு உட்கார்ந்த ஆள் நான்தானே. நீ அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாமா மொகத்துல நாலு வழி ரோடு போட்டுட்டாக" என்றாய். மூன்றாவது, உன் சீரில் வந்த எவர்சில்வர் தட்டு. பார்வைக்குத்தான் வழவழப்பு, எத்தனை வருசம் சாம்பல் போட்டுத் தேய்த்ததோ, பிலிமெல்லாம் பூனை பிறாண்டின மாதிரி வந்தது.

மூன்று துண்டு போய்விட்டது. நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். எதிர்ச் சுவரில் நம் கல்யாணத்துக்கு வந்த படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. முருகன், மீனாட்சி, லட்சுமி. கல்யாணம் என்றால் ஆளுக்கொரு சாமிப் படம் கொடுப்பதுதானே அப்போது நம் பக்கத்து வழக்கம். எழுந்து போய் முருகன் படத்தைக் கழற்றினாய். பின் அட்டையை எடுத்தாய். படத்தை உருவி, கண்ணில் ஒற்றி, கஞ்சிப் பசை தடவி அந்தச் சுவரிலேயே ஒட்டினாய். பிரேமைத் தரையில் குப்புறப் போட்டு, கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். எனக்கு விளங்கிவிட்டது.

விளிம்பு உயரம் பற்றவில்லை. சுற்றிலும் ரீப்பர் கட்டை அடித்து விரற்கடை உயர்த்தினேன். சந்துகளை மெழுகுவர்த்தி உருக்கி அடைத்தோம். அங்கேதான் தப்புச் செய்தோம். மருந்து கரைய வேண்டுமே என்று வெந்நீரில் கலக்குவோம். ஆறட்டும் என்று நீ சொன்னாய், நான்தான் அவசரத்தில் சூடாகவே ஊற்றிவிட்டேன். மெழுகு விட்டுக்கொடுத்து, மருந்து முழுக்கத் தரையில். நீ துணியால் ஒற்றிப் பிழிந்துகொண்டே, "கட்டுன புருசனும் மெழுகும் ஒண்ணு, சூடு பட்டா நிக்க மாட்டாக" என்றாய். மறுநாள் ரோடு போடுகிற இடத்தில் கேட்டு ஒரு டப்பா தார் வாங்கி வந்தேன். தார் பூசி, இரண்டு நாள் வெயிலில் காய வைத்தோம். ஒரு சொட்டு கசியவில்லை.

டெவலப்பருக்கு ஒரு பிரேம், தண்ணீருக்கு ஒன்று, எழுந்த படத்தை அழியாமல் நிறுத்துகிற ஹைப்போவுக்கு ஒன்று. மூன்றையும் முற்றத்தில் குப்புறப் பரப்பியிருந்தபோது வீட்டுக்காரப் பெரியம்மா பார்த்துவிட்டார்கள்.

"அடியே, சாமி பிரேமுல மருந்து ஊத்துறியே, வெளங்குவியா?"

"சாமி செவத்துல சொகமா இருக்கு பெரியம்மா. இத்தன நாளு கண்ணாடிக்குள்ள புழுங்கிக்கிட்டுல்ல கெடந்துச்சு."

நாலாவது துண்டைக் கழுவும்போது இன்னொன்று நடந்தது. தட்டுச் சூடாகாமல் இருக்கச் செங்கல் மேல் வைத்து, அடியில் ஈரச் சாக்கு விரித்திருந்தோம். என் கை தவறி டார்ச் உருண்டு அந்த இடுக்குக்குள் போய்விட்டது. குனிந்து எடுக்கப் போனேன்.

"எடுக்காதீங்க! எடுக்காதீங்க மாமா, அங்கயே கெடக்கட்டும்!"

கண்ணாடித் தட்டு அல்லவா, கீழே இருந்து சிவப்பு வெளிச்சம் மேலே வந்தது. மருந்துக்குள் கிடந்த பிலிமில் என் முகம் மெதுவாக எழுந்து வருவது தெரிந்தது. எப்போது போதும், எப்போது எடுக்க வேண்டும் என்று கண்ணாலேயே பார்க்கலாம். உன் டாக்டர் வீட்டுத் தொட்டியில் கூட அது முடியாது. பிலிம் கண்ணாடியில் ஒட்டினால் விரலால் நோண்டக் கூடாது, ஒரு மூலையைத் தூக்கினால் தண்ணீர் அடியில் ஓடி அதுவே மிதந்து வரும் என்றும் நீயே கண்டுகொண்டாய். அன்றைக்கு வந்த படத்தில் ஒரு கீறல் இல்லை. எனக்கு இருந்த அம்மைத் தழும்பு கூட எண்ணுகிற மாதிரி விழுந்திருந்தது.

இதைச் சொல்லும்போது மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு அலைபேசியில் என்னமோ தேடினாள். "அப்பா, இதப் பாருங்க. வெளிநாட்டுல ஒருத்தர் எக்ஸ்ரே பிலிம் கழுவுறாரு. கீறாம இருக்கத் தட்டுக்கு அடியில கண்ணாடி போடுங்கன்னு சொல்றாரு" என்றாள். பார்த்தேன். வெள்ளைக்காரர், நல்ல மனுசனாகத்தான் தெரிந்தார். "ரொம்ப நேரங்கழிச்சு வந்திருக்காரு தாயி" என்றேன்.

அந்தத் தட்டு பிறந்த மாதமே அதற்கு வேலை வந்தது.

புரட்டாசி. பொன்னுருகக் காயும் என்பார்களே, அப்படி ஒரு வெயில். ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் பஸ் ஏறி வந்தார். மேற்கே வாய்க்கால் கரையில் உன் பிறந்த ஊர். உங்கள் தெரு ஆட்கள் ஊருக்கெல்லாம் நாற்று நட்டவர்கள், தங்கள் பெயரில் குடிசை நிற்கிற மண் கூடக் கிடையாது. சர்க்கார் வீட்டு மனை கொடுக்கிறது, வீட்டுக்கு வீடு புருசன் பெண்டாட்டி சேர்ந்து நிற்கிற போட்டோ வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காதவர்களை அடுத்த முறைதான் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்களாம். அடுத்த முறை எந்த வருசமோ. பக்கத்து டவுன் ஸ்டூடியோக்காரர், கை நிறைய வேலை இருக்கிறது, பத்து நாள் கழித்து வாருங்கள் என்றிருக்கிறார்.

"என்ன மச்சான் செய்யிறது?" என்று என்னிடம் கேட்டார் உன் அண்ணன். நான் யோசிப்பதற்குள் அடுப்படியில் இருந்து உன் குரல் வந்தது.

"நாங்க வந்து எடுக்குறோம்ணே. புதன்கிழமை எல்லாரையும் வீட்டுல இருக்கச் சொல்லு."

அவர் போன பிறகு கேட்டேன். "எம்புட்டு வீடு புள்ள?"

"நாப்பத்திரண்டு."

"பிலிமு?"

"அம்பது இருக்குல்ல."

"தப்பிப் போனா?"

"தப்ப விடாதீங்க."

நான் அது வரைக்கும் எடுத்ததெல்லாம் ஸ்டூடியோ முதலாளி பக்கத்தில் நிற்க எடுத்தது. தப்பு அவர் பேரில் போகும். இது உன் பிறந்த தெருவின் மண். தப்பினால் அந்தத் தெருவில் நீ எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாய்? கேமராவை இரண்டு தடவை துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் துடைத்தேன்.

புதன்கிழமை விடிந்ததும் போய் இறங்கினோம். உன் அண்ணன் வீட்டில் விதை நெல் வைக்கிற உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. கூரைச் சந்துகளைச் சாணி குழைத்து அடைத்து, வாசலில் இரண்டு கம்பளி தொங்கவிட்டு, நீ உள்ளே மூன்று தட்டையும் செங்கல் மேல் வைத்தாய். மருந்து சூடாகாமல் இருக்கத் தெருப் பெண்கள் பானைத் தண்ணீர் கொண்டு வந்தபடி இருந்தார்கள். பிலிம் மாட்டுகிற சட்டம், ஸ்லைடு என்போம், என்னிடம் மூன்று. ஒன்றில் இரண்டு பிலிம். ஆறு படம் எடுப்பேன், உள்ளே கொடுப்பேன், நீ கழுவுவாய்.

நான் அந்தத் தெரு மாப்பிள்ளை, கேலிக்குக் கேட்க வேண்டுமா?

"மாப்ள, எங்களோட சேத்து எங்க எலும்பும் விழுகுமாமே?"

"மாப்ள, ஏம் பொண்டாட்டி வாய மூடி இருக்கும்போது எடுத்துரு. அது ஒண்ணுதான் சாட்சி."

"ஒங்களுக்குப் பக்கத்துல நிக்கணுமாக்கும்? நான் பின்னாடியே நிக்கிறேன்" என்று ஒரு அக்கா விலகிப் போக, அவரைக் கையைப் பிடித்து இழுத்து வரிசையில் நிறுத்த வேண்டியிருந்தது. நடவு இருக்கிறது, உச்சிப் பொழுதுக்குள் வயலில் இறங்காவிட்டால் வேறு ஊர் ஆட்களை இறக்கிவிடுவார்கள். எல்லாருக்கும் அவசரம். எனக்கும் அவசரம். முதல் ஆறு வீட்டை மடமடவென்று எடுத்து உள்ளே கொடுத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் நீ கம்பளியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாய். கையில் ஈரப் பிலிம் ஒன்று. வானத்துக்கு நேராகப் பிடித்தாய்.

"வேட்டி இருக்கு. சேலை இருக்கு. பின்னால வாய்க்காக் கரை மரம் இருக்கு. மொகம் எங்க மாமா?"

பார்த்தேன். சிவப்புத் தெரியாத பிலிம், நம் ஆட்களின் வெயில் பட்ட நிறத்தை வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டில் என்னை எடுத்தபோது வெள்ளையடித்த முற்றத்துச் சுவர் முகத்துக்கு வெளிச்சம் கொடுத்தது, இங்கே அது இல்லை. பிரிண்ட் போட்டால் முகமெல்லாம் அட்டக் கரியாகத்தான் விழும். ஆனாலும் சொன்னேன். "ஆபீசுக்கு இது போதும் புள்ள. புருசன் பொண்டாட்டி நிக்கிறது தெரியிதுல்ல. நேரம் இல்ல."

"யாருக்குப் போதும்? நாப்பத்திரண்டு வீட்டுலயும் ஒரே ஆளு நிக்கிற மாதிரி இருக்கும். யாருன்னு பாத்து மனை குடுப்பாக? இத நான் குடுக்க மாட்டேன்."

"அம்பதுல ஆறு போச்சு. நாப்பத்து நாலுதான் மிச்சம்."

"நாப்பத்திரண்டுதான வேணும்."

சொல்லிவிட்டு மறுபடி அந்தப் பிலிமை உற்றுப் பார்த்தாய். அது உன் பெரியப்பா நின்ற படம். "பெரியப்பா எதுக்குத் துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு நிக்கிறாரு? எதுக்க யாரு நின்னா?"

"நான்தான் நின்னேன்."

"உங்களுக்காகவா கட்டுனாரு?"

நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தவன். தலைகீழாகத் தெரிகிற படத்தில் அதை நான் கவனிக்கவே இல்லை. கவனித்திருந்தாலும் வித்தியாசமாகத் தெரிந்திருக்காது. பெரிய வீட்டு வாசலில் நிற்கும்போது நம் ஆட்கள் அப்படித்தானே நிற்பார்கள், தோளில் கிடந்தது இடுப்புக்கு வந்துவிடும். அந்த ஆறு பேரும் அப்படித்தான் நின்றிருக்கிறார்கள்.

பெரியப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஆபீசருக்குப் போற படமாச்சே தாயி."

"படம் போயி ஆபீசரப் பாக்கட்டும் பெரியப்பா. நீங்க உங்க வீட்டு மனையப் பாக்குற மாதிரி நில்லுங்க. துண்டத் தோள்ல போடுங்க."

உச்சிப் பொழுதுக்குள் நாற்பத்திரண்டையும் மறுபடி எடுக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். நின்றால் அன்றைக்கு நடவு போச்சு. பெரியப்பா துண்டை அவிழ்த்தார். உதறினார். தோளில் போட்டார்.

"நாத்து யாரு நட்டாலும் வேர் பிடிக்கும். நம்ம படத்துல நம்மதானய்யா நிக்கணும். இன்னிக்கு ஒருத்தனும் வயலுக்குப் போக வேணாம்."

அதற்குப் பிறகு தெருவே உன் ஸ்டூடியோ ஆகிவிட்டது. வீட்டுக்கு வீடு வெளுத்த வேட்டி வாங்கி வரச் சொன்னாய். இரண்டு கயிற்றுக் கட்டிலைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே வேட்டி போர்த்தி, ஆட்களுக்கு இடமும் வலமுமாக வைத்தாய். தரையிலும் ஒன்று விரித்தாய். மூன்று பக்கமும் வெளுப்பு அடித்து முகத்தில் விழுந்தது. "கேமரா மூடியத் தெறந்து ரெண்டு எண்ணுற எடத்துல நாலு எண்ணுங்க மாமா. நான் மருந்தத் தண்ணியாக் கலந்து மெதுவா எடுக்குறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். அதன் பிறகு சாயங்காலம் வரைக்கும் உன் முகத்தை நான் பார்க்கவில்லை. குரல்தான். ஆறு பிலிமும் சரியாக விழுந்தால் உள்ளே இருந்து, "ம், அடுத்தது!" என்று வரும். அந்த "ம்" கேட்கிற வரைக்கும் தெரு மூச்சு விடாது.

மிச்சம் இருந்த இரண்டும் போயின. ஒன்றில் புருசன்காரர் மூடியைத் திறந்ததும் சிரித்துவிட்டார். இன்னொன்று என் தப்பு, பிலிமை மூடியிருக்கிற ஸ்லைடு மறைப்பை உருவாமலே எடுத்துவிட்டேன். அந்தத் தப்பை நாற்பது வருசமாக அந்தச் சிரித்த ஆள் பேரில் சேர்த்துத்தான் உன்னிடம் சொல்லிவந்தேன். இப்போது சொல்லிவிட்டேன், மகளும் எழுதிவிட்டாள்.

நாற்பத்திரண்டாவதாக உன் அண்ணனும் மதினியும் நின்றபோது பெட்டியில் இருந்தது ஒரே ஒரு பிலிம். மூடியைத் திறந்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மூடினேன். உள்ளே கொடுத்தேன். நேரம் போனது. "ம்" வரவில்லை. உன் அண்ணன் கம்பளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பொடிசுகளை அதட்டி உட்கார வைத்தார்கள். மூங்கில் மாதிரி நின்றேன் நான். பிறகு உள்ளே இருந்து, "மதினி மூக்குத்தி கூட விழுந்திருக்குண்ணே!" என்று கத்தினாய். தெரு முழுக்க எழுந்த சீழ்க்கையைக் கேட்டு, வாய்க்கால் கரையில் போனவர்கள் சண்டையோ என்று ஓடி வந்தார்கள்.

மறுநாள் பகல் முழுக்க அதே அறையில் பிரிண்ட் போட்டோம். பிலிமில் பேர் கிடையாது. எந்தப் படம் யார் வீடு என்று உன் அண்ணனே இரண்டு இடத்தில் தடுமாறினார். நான் எடுத்த வரிசைப்படி சொல்லச் சொல்ல, நீ பின்னால் பேர் எழுதினாய். ஒன்று கூடத் தப்பவில்லை. "ஏட்டுல எழுதாத ஆளுக்கு மண்டைக்குள்ள எடம் நெறைய இருக்கு" என்றாய். உன்னிடம் நான் வாங்கின பட்டம் அது ஒன்றுதான், இன்னும் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பெரியப்பாவும் உன் அண்ணனும் நாமும் போனோம். ஆபீசர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். ஸ்டூடியோ முத்திரை இல்லை.

"எந்த ஸ்டூடியோம்மா?"

முத்திரை இல்லாத படம் செல்லாது என்று சொல்லிவிட்டால்?

"எங்க வீடு சார்," என்றாய்.

"வீடா?"

"ஆமா சார். இவரு எடுத்தாரு, நான் கழுவுனேன். மொகம் தெரியலைன்னா சொல்லுங்க, திருப்பி எடுத்துத் தாரோம்."

பிலிம் ஒன்று கூட மிச்சம் இல்லை உன்னிடம். ஆனாலும் அப்படிச் சொன்னாய். அவர் இன்னொரு தடவை மேலே இருந்த படத்தைப் பார்த்தார். "நல்லாவே தெரியுதும்மா" என்று சொல்லி, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி உள்ளே வைத்தார். அடுத்த தையில் மனை வந்தது. இப்போது அங்கே நாற்பத்திரண்டும் காரை வீடு. அந்தப் பெரியவர்கள் பலபேருக்கு வாழ்நாளில் எடுத்த படமே அது ஒன்றுதான். வீட்டு நடுச் சுவரில் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். உன் காரியத்துக்கு வந்த ஒவ்வொருத்தரும் அதைச் சொல்லித்தான் அழுதார்கள். நான் அழவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது, அப்படி இருக்கலாமா என்று கூடத் தெரியவில்லை.

இன்னும் ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். மகளுக்குக் கை வலிக்கிறது.

போன வாரம் ரேஷன் கார்டில் இருந்து உன் பேரை எடுக்கச் சொன்னார்கள். உன் படம் இருந்த இடத்தில் என் படம் வர வேண்டுமாம். நான் தனியாகத்தான் போனேன், மகளை அந்த வேலைக்குக் கூப்பிட மனம் வரவில்லை. கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு பெண், சின்ன வயசு, ஜன்னல் பக்கம் என்னை உட்கார வைத்து டக்கென்று எடுத்தாள். காட்டச் சொன்னேன். பின்னால் வெயில், முன்னால் இருட்டு. சட்டை தெரிந்தது, ஜன்னல் கம்பி தெரிந்தது.

"போதும் தாத்தா. கம்ப்யூட்டர் இத ஏத்துக்கும்" என்றாள்.

"கம்ப்யூட்டருக்குப் போதும்மா. இன்னொண்ணு எடு."

ஸ்டூலைத் தூக்கி வெள்ளைச் சுவர் ஓரம் போட்டுக்கொண்டேன். எடுத்தாள். பார்த்தேன். பாதி முகம்தான் வந்திருந்தது. இன்னொன்று எடுக்கச் சொன்னேன். அதிலும் கண் இருட்டுக்குள் போயிருந்தது. பின்னால் வரிசையில் நின்ற ஒருத்தர், "பெருசு, என்ன, பொண்ணு பாக்கவா அனுப்புற?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"ஒங்க அவசரம் தெரியிது தம்பி. மொகம் விழுகாம நான் எந்திரிக்க மாட்டேன்."

அந்தப் பெண் சலித்துக்கொண்டே எழுந்து வந்து, நாலாவது தடவையாக எடுத்தாள்.